அயல்தாவரங்களும் ஆளில்லாத நிலமும்

வெளியிலிருந்து வந்த பயிருக்கும் மரத்துக்கும் தமிழ் தன் வழியில் ஓர் அடையாளம் இட்டு வைத்திருக்கிறது. பறங்கிக்காய், சீமை அகத்தி, சீமைக் கருவேலம் என்று பெயரின் முன்பகுதியே அது நம்மூர்ச் சரக்கு அல்ல என்று சொல்லிவிடும். பிற மொழிக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள், ஆனால் கோபத்தோடு செய்தார்கள். வங்காளத்து ஆறுகளையும் நெல்வயல்களையும் ஆகாயத்தாமரை மூடியபோது அதற்கு ‘ஜெர்மன் பானா’ என்று பெயர் விழுந்தது. கேரளத்துக் கால்வாய்களை அடைத்த சால்வினியா ‘ஆப்பிரிக்கன் பாயல்’ ஆனது. பார்த்தீனியத்துக்கு வட இந்தியாவில் ‘காங்கிரஸ் புல்’ என்று பெயர். மூன்றுமே அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதியைச் சேர்ந்தவை. ஜெர்மனியோ ஆப்பிரிக்காவோ அவற்றின் தாயகம் அல்ல. பார்த்தீனியம் அமெரிக்க உதவிக் கோதுமையோடு வந்தது என்று பாடப்புத்தகம் வரை எழுதிவிட்டோம். ஆனால் அந்தச் செடி புனேயில் கவனிக்கப்பட்டது 1955இல், அந்தக் கோதுமைக்கான பி.எல். 480 திட்டத்தின்கீழ் இந்தியா முதல் ஒப்பந்தம் செய்துகொண்டது 1956இல். யார் மேல் அன்றைக்குச் சந்தேகம் இருந்ததோ அவர் பெயரைச் செடிக்குச் சூட்டியிருக்கிறோம். அயல்தாவரங்களைப் பற்றிய நம் பேச்சு இன்றும் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார் என்று கேட்கிறோம். எந்த நிலத்தில் பரவியது, அந்த நிலம் அப்போது யார் கையில், என்ன நிலையில் இருந்தது என்ற கேள்வியை அபூர்வமாகவே கேட்கிறோம். இந்தியாவில் நடந்ததை விளக்குவது இந்த இரண்டாவது கேள்விதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அளவைப் பார்ப்போம். பல்லுயிர் குறித்த பன்னாட்டு அரசுகளிடை அறிவியல் மன்றம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதர்களால் புதிய இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட உயிரினங்கள் ஏறத்தாழ 37,000. அவற்றில் தீங்கு செய்பவை 3,500க்கு மேல். தாவரங்களை மட்டும் தனியே எடுத்தால், இடம்பெயர்ந்தவற்றில் ஆக்கிரமிப்பவையாக மாறியவை சுமார் 6 விழுக்காடுதான். நம் சமையலறையே இதற்குச் சாட்சி. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, முந்திரி எல்லாம் கடந்த 500 ஆண்டுகளில் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. மிளகாய்த் தோட்டத்தை ஓரிரு பருவம் கவனிக்காமல் விட்டால் மிளகாய்தான் அழியும், பக்கத்துக் காடு அழியாது. ஆகவே வெளியிலிருந்து வந்தது என்பது மட்டும் ஒரு செடியைக் களையாக்கிவிடுவதில்லை. அதே சமயம் அந்த 6 விழுக்காடு செய்யும் வேலை சிறியதல்ல. நாடு தழுவிய புலிக் கணக்கெடுப்பின் களத்தரவுகளைக் கொண்டு இந்திய ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, மிகுந்த கவலைக்குரிய 11 தாவரங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. நாட்டின் இயற்கை நிலப்பரப்பில் 22 விழுக்காட்டில் அவை ஏற்கெனவே இருக்கின்றன என்றும், 66 விழுக்காடு அவற்றுக்கு இடம் கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறது என்றும் அது கண்டது. ஒரு கைப்பிடி இனங்கள் இவ்வளவு நிலத்தை எப்படிப் பிடித்தன?

சீமைக் கருவேலத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அது கள்ளத்தனமாக நுழைந்த செடி அல்ல. 1877ஆம் ஆண்டை ஒட்டி அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பைப் பகுதியில் அரசே அதை விதைத்தது. வறண்ட நிலத்தில் விறகு வேண்டும் என்பது நோக்கம். 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் அதை ‘அரச மரபுச் செடி’ என்று அறிவித்துக் காத்தது. குஜராத்தில் கட்ச் பாலை முன்னேறி வருகிறது என்ற அச்சத்தில், 1961இல் பன்னி புல்வெளியில் 31,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறை நட்டது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக அது பரப்பப்பட்டது. ஊர்ப்பேச்சில் இந்தக் கதை ஒரே ஒரு முதலமைச்சரின் தலையிலோ, ஏதோ ஓர் அயல்நாட்டுச் சதியின் தலையிலோ விழுந்துவிடுகிறது. உண்மையில் வெள்ளையர் ஆட்சி, சமஸ்தானம், சுதந்திர இந்தியா என்று ஆட்சிகள் மாறியும் சுமார் 100 ஆண்டுகள் ஒரே எண்ணம் தொடர்ந்திருக்கிறது. மரம் இல்லாத நிலம் வீண் நிலம் என்பதே அந்த எண்ணம். புல்வெளி, முட்புதர்க்காடு, மேய்ச்சல் புறம்போக்கு, உப்பங்கழி ஓரம் என எல்லாமே வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. ஆடு மாடு வளர்ப்பவருக்கு அது ஆண்டு முழுவதும் தீவனம் தந்த நிலம் என்பது பதிவேட்டில் ஏறவில்லை. ஏறியிருந்தால் அங்கே மரம் நட வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

நட்டது மட்டும் காரணம் என்றால் நட்ட இடத்தோடு நின்றிருக்க வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துக் கண்மாய்களுக்குள் அது எப்படி வந்தது? அதன் நெற்று இனிப்பானது. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை குடலைக் கடந்து சாணத்தோடு விழும்போது முளைக்க இன்னும் ஆயத்தமாக இருக்கும். நீர் நின்று, வண்டல் எடுக்கப்பட்டு, மடையும் கலுங்கும் வரத்துக் கால்வாயும் ஆண்டுதோறும் பேணப்பட்ட கண்மாயில் இந்த முளை நிலைக்காது; வண்டல் வெட்டும் மண்வெட்டியே அதை எடுத்துவிடும். குடிமராமத்து தளர்ந்து, பொறுப்பு ஊரிடமிருந்து துறைகளுக்குப் போய், வரத்துக் கால்வாயில் வீடும் சாலையும் வந்து, கண்மாய் ஆண்டில் பெரும்பகுதி வறண்டே கிடக்கத் தொடங்கியபோது அந்த முளைக்குக் காலம் கிடைத்தது. ஒருமுறை காடாகிவிட்டால் அது தன் பங்குக்குக் கால்வாயை அடைக்கிறது, நீர்வரத்தைக் குறைக்கிறது, மானாவாரி நிலத்தை மேலும் தரிசாக்குகிறது. காரணமும் விளைவும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் சுழல் இது. இந்தச் சுழலுக்குள் அகப்பட்ட விவசாயியின் கணக்கையும் பார்க்க வேண்டும். மழையை நம்பி நெல்லோ மிளகாயோ விதைத்து மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு இழப்பதைவிட, நிலத்தைக் கருவைக்கு விட்டுச் சில ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக விற்பது உறுதியான வருமானம். அந்தக் கரியில்தான் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. அவர்களை மரத்தின் கூட்டாளிகளாகப் பார்ப்பது அநியாயம். வேளாண்மை கைவிட்ட இடத்தில் எது கைகொடுத்ததோ அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அடியோடு அகற்ற ஆணையிட்டபோது தமிழகம் முழுவதும் ஓர் உற்சாகம் பரவியது. பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. கல்லூரி மாணவர்கள் கடப்பாரையோடு போனார்கள். அந்த அக்கறை மெய்யானது. ஆனால் அதோடு சேர்ந்து பரவிய பல செய்திகள் மெய்யல்ல. இந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்றார்கள், அதற்கு ஆதாரமில்லை. இதில் பறவை கூடு கட்டாது என்றார்கள். இராமநாதபுரத்துக் கண்மாய்களில் நீர்ப்பறவைகள் இதன்மேல் கூடு கட்டுகின்றன. பொய்யான குற்றச்சாட்டு ஒன்று உடையும்போது உண்மையான குற்றச்சாட்டும் அதோடு நம்பிக்கை இழக்கும் என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையான கேடுகளே போதுமானவை. கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் திறந்த புல்வெளிக்குள் இந்த மரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பன்னியில் மால்தாரி மக்களின் எருமைகளுக்கான புல்நிலம் முள்காடாகிப் போனது. அங்கே இதற்கு ‘காண்டோ பாவள்’ என்று பெயர், பைத்தியக்காரக் கருவேலம் என்று பொருள். இயந்திரம் வைத்து மேற்பகுதியை முறித்தால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணில் கிடக்கும் விதை தனிக் கணக்கு. அறிவியல் ஆய்வு வேண்டும் என்ற கேள்வி எழுந்து அந்த இயக்கம் சில மாதங்களில் நீதிமன்றத்தாலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அது நிற்காமல் தொடர்ந்திருந்தாலும், கண்மாய்க்கு நீர் வரும் வழி திறக்கப்படாதவரை மரம் திரும்பியிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

காட்டுக்குள் போனால் கதை உண்ணிச்செடியுடையது. அழகான பூவுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டச் செடியாகக் கொண்டுவரப்பட்டு, வேலியாகவும் வைக்கப்பட்ட இது, இப்போது இந்தியக் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியிருக்கிறது என்று 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் நடந்த கணக்கெடுப்பு இன்னும் நுட்பமானது. 1997இல் ஆய்வுத்திட்டுகளில் 41 விழுக்காட்டில் இருந்த உண்ணிச்செடி 2008இல் 81 விழுக்காட்டில் இருந்தது. பதினோரு ஆண்டில் இரண்டு மடங்கு. அந்த மலையில் வாழும் சோளகர்கள் இதற்குச் சொல்லும் காரணம் தெளிவானது: கோடையின் தொடக்கத்தில் சருகு காய்ந்தவுடன் அவர்கள் இடும் சிறிய தரைத்தீ, அவர்கள் மொழியில் ‘தரகு பெங்கி’, சரணாலயம் அமைந்தபின் தடுக்கப்பட்டது; உண்ணியின் நாற்றுகளை எரித்துவந்த அந்தத் தீ போனதும் புதர் மேலேறியது. தீ உண்ணிச்செடியை வளர்க்கும் என்ற எதிர்க்கருத்தும் ஆய்வாளர்களிடம் உண்டு. எரிந்து வெட்டவெளியான இடத்தில் அது முதலில் முளைப்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முரண் குறைகிறது. ஆண்டுதோறும் சருகை மட்டும் எரிக்கும் தாழ்ந்த தீ வேறு. பல ஆண்டு தடுத்துவைத்துப் புதரெல்லாம் விறகாகிக் குவிந்தபின் கடுங்கோடையில் மரமுச்சி வரை ஏறும் தீ வேறு. முதலாவதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். அவர்களை விலக்கியபின் எஞ்சியது இரண்டாவது. காட்டைக் காக்கவே இது செய்யப்பட்டது என்பதுதான் இதில் வருந்தத்தக்க விஷயம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சீரழிந்த நிலத்தில்தான் அயல்தாவரம் பரவுகிறது என்றால், கெடாத நிலத்தில் அது ஏன் பரவியது? நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளுக்கு இடையே விரிந்திருந்த மலைப்புல்வெளிகள் யாராலும் சீரழிக்கப்படாமலே இருந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரம் அவற்றை விழுங்கியது. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. இந்த மறுப்பில் பாதியை ஏற்கிறேன். மண்ணைப் பொறுத்தவரை அது கெட்ட நிலம் அல்ல. ஆனால் அதைப் பார்த்த கண்ணில் அது வெறும் நிலம். பதனிடும் பட்டைக்காகவும், விறகுக்காகவும், பிறகு ஆலைகளின் கூழுக்காகவும் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் சீகையும் தைல மரமும் பைனும் அந்தப் புல்லின்மேல் நடப்பட்டன. தோட்டம் போடுவதை நிறுத்தியபின்னும், சுற்றிலும் பத்தாண்டுக்கணக்கில் கொட்டிக்கொண்டிருந்த விதை எஞ்சிய புல்வெளிக்குள் நடந்து சென்றது. இப்போது எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டினால் மண்ணுக்குள் உறங்கும் சீகை விதை வெளிச்சம் பட்டு ஒரே சமயத்தில் முளைத்துப் புதர்க்காடாகிவிடும். பழைய சீகைத் தோட்டங்களின் நிழலிலோ சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுவதைக் கொடைக்கானல் பக்கத்தில் இயங்கிய இயற்கை ஆர்வலர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே புல்வெளியின் ஓரத்தில் புதிதாக நுழையும் நாற்றை உடனே பிடுங்க வேண்டும். சோலையை ஒட்டிய முதிர்ந்த தோட்டத்தைச் சோலையிடமே விடலாம். ஒரே மரம், ஒரே மலை, இரண்டு தீர்ப்புகள். மறுப்பின் மற்றொரு பாதிக்கு விடை சொல்ல என்னால் முடியாத இடமும் உண்டு. மண்டபம் பகுதியில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் கடற்பாசி, குருசடைத் தீவின் பவளப்பாறைகளின்மேல் படர்ந்திருப்பது 2008இல் வெளியானது. பவளத்தை அங்கே யாரும் கைவிட்டிருக்கவில்லை. சில உயிர்களுக்கு நுழைவாயில் ஒன்று போதும், வேறு சாதகம் தேவையில்லை.

உயிரியல் கட்டுப்பாட்டின் வரலாறும் என் வாதத்துக்கு எதிராகவே முதலில் நிற்கும். நிலத்தில் எதையும் மாற்றாமல் ஒரு பூச்சி ஒரு செடியை ஒழித்த நிகழ்ச்சி நம்மிடமே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கும்பினியின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் பூச்சியை வளர்க்க ஆசைப்பட்டுச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. வந்தது சாயப்பூச்சி அல்ல; அதன் தாழ்ந்த உறவு. சாயம் கிடைக்கவில்லை, ஆனால் அது தின்ற ஒருவகைக் கள்ளி பரந்த பகுதிகளில் இல்லாமற் போயிற்று. உலகில் களையைப் பூச்சியால் அடக்கிய முதல் நிகழ்ச்சி என்று இதைச் சொல்வார்கள், அதுவும் தவறுதலாக நடந்தது. பின்னர் வேறொரு கள்ளி தென்னிந்தியாவில் பெருகியபோது, 1926இல் இலங்கை வழியாக அதற்குரிய பூச்சி கொண்டுவரப்பட்டு 40,000 ஹெக்டேர் அளவில் அது அடக்கப்பட்டது. கேரளத்தில் 1980களில் விடப்பட்ட ஒரு சிறு கூன்வண்டு சால்வினியாவை மூன்று நான்கு ஆண்டுகளில் பல கால்வாய்களிலிருந்து நீக்கியது. அதே காலத்தில் மெக்சிகோ வண்டு ஒன்று பெங்களூரில் பார்த்தீனியத்தின்மேல் விடப்பட்டது. மழைக்காலத்தில் இலையைத் துளைத்துத் தீர்க்கிறது, செடியை முடிக்கவில்லை. உண்ணிச்செடிக்கோ 1920கள் முதல் பூச்சிகளைக் கொண்டுவந்தும் பயன் சொல்லும்படி இல்லை. தோட்டக்காரர்கள் கலந்து கலந்து உருவாக்கிய பல வகைகளின் கலப்பினம் அது, ஒரு வகையைத் தின்னும் பூச்சி அடுத்த வகையைத் தொடுவதில்லை. ஆக, பொருத்தமான எதிரி அமைந்த இடத்தில் இது மிகச் சிறந்த வழி. எங்கே அமையும் என்பது நம் கையில் இல்லை. கள்ளி அன்று பிடித்திருந்த வேலியோரமும் புறம்போக்கும் கரைமேடும் இன்று சீமைக் கருவேலம் நிற்கும் அதே வகை நிலங்கள் என்பதையும் கவனிக்கலாம். பூச்சி செடியை எடுத்தது. இடம் காலியாகவே இருந்தது.

அயல்தாவர எதிர்ப்பே ஒருவகை அயலார் வெறுப்பு என்று சொல்பவர்கள் உண்டு. ஓர் உயிரினத்தை அதன் பிறப்பிடத்தை வைத்து எடைபோடாதீர்கள் என்று 2011இல் மார்க் டேவிஸ் முதலிய சூழலியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதியது பெரும் விவாதமானது. அவர்கள் கேட்பது நியாயம். இக்கட்டுரையும் பிறப்பிடத்தை அளவுகோலாக வைக்கவில்லை. ஆனால் அதிலிருந்து வந்ததெல்லாம் இருக்கட்டும் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. வெளிமானுக்குப் புல் இல்லை, எருமைக்கு மேய்ச்சல் இல்லை, காட்டுமாடு நுழைய முடியாத உண்ணிப்புதர் என்பவை பிறப்பிடம் பற்றிய குறைகள் அல்ல. பச்சைதானே, கரியமிலத்தை உள்வாங்கட்டுமே என்ற வாதம் இன்னும் ஆபத்தானது. புல்வெளி தன் கரிமத்தை வேரிலும் மண்ணிலும் வைத்திருக்கிறது, மேலே தெரிவதில்லை. மரம் இல்லாத நிலம் வீண் என்ற அந்த 19ஆம் நூற்றாண்டுக் கண்ணே இப்போது காலநிலைச் சொல் பூண்டு திரும்பி வருகிறது. இதை இன்னொரு முறை அனுமதிக்கக் கூடாது. நகராட்சிகள் சாலை நடுவே விரைவாகப் பசுமை காட்டக் கோனோகார்பஸ் மரத்தை வரிசை வரிசையாக நட்டதும், 2023இல் குஜராத்தும் பின்னர் தமிழ்நாடும் அதற்குத் தடை விதித்ததும் நம் கண்முன் நடந்தவை. நடும்போது கேட்க வேண்டிய கேள்வியை வெட்டும்போதுதான் கேட்கிறோம்.

பயன்படுத்தி ஒழிப்போம் என்பது மூன்றாவது கருத்து. இதில் எனக்கு மரியாதை உண்டு. கூடலூர்ப் பகுதியின் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிக்குச்சிகளால் செய்த ஆளுயர யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. உண்ணியில் நாற்காலியும் மேசையும் செய்து சோளகர் குடும்பங்கள் சம்பாதிக்கின்றன. முதுமலையில் பரவிய மஞ்சள்கொன்னை இப்போது காகிதக் கூழுக்குப் போகிறது. பழங்குடி மக்களுக்குக் காட்டில் மீண்டும் ஒரு வேலை கிடைத்தது இதன் பெரும்பேறு. ஆனால் யானை செய்யத் தேவையான குச்சிக்கும் காட்டில் நிற்கும் புதருக்கும் இடையேயான வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமானது. வருமானம் நிலைபெற்றால் மூலப்பொருள் தீர்ந்துவிடக் கூடாது என்ற விருப்பமும் நிலைபெறும். மூட்டக்கரித் தொழிலில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது: வேரோடு எடுத்தால் அடுத்த வெட்டு இல்லை, எனவே வேரை விட்டு வெட்டுகிறார்கள். பயன்பாடு முதல் தவணைக்குப் பணம் தரும். நிலத்தில் அடுத்து என்ன வளர வேண்டும் என்பதற்கான திட்டத்தை அது தராது.

அந்தத் திட்டத்தில்தான் நாம் மிகவும் பின்தங்கி இருக்கிறோம். தமிழ்நாடு 2022இல் அயல்தாவரங்களை அகற்றுவதையும் சூழல் மீட்பையும் ஒரே ஆவணத்தில் சேர்த்து ஒரு கொள்கை வகுத்தது. இரண்டையும் சேர்த்ததே அதன் சிறப்பு. வழிமுறைகளும் தெரிந்தவையே. உண்ணிச்செடியை வெட்டாமல், மண்ணுக்குச் சற்றுக் கீழே துளிர்க்கும் பகுதிக்கு அடியில் வேரை அறுத்துத் தலைகீழாக வைக்கும் முறையைத் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழுவினர் கார்பெட் காட்டில் செய்து காட்டினார்கள். அந்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை வளர்த்தபின் மான்கள் திரும்பின. பன்னியில் கருவேலம் நீக்கிய திட்டுகளில் பழைய புற்கள் எழுந்தன. அங்கே மேய்ச்சலைக் காலமறிந்து ஒழுங்குபடுத்த மால்தாரிகள் இருக்கிறார்கள், அந்த நிலத்தின்மேல் சமூக உரிமையை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். இராமநாதபுரத்தில் இதற்கு நிகரானது கண்மாயும் அதன் ஆயக்கட்டுதாரர்களும். வரத்துக் கால்வாயைத் திறப்பது முதல் வேலை. நீர் நிற்கும் உட்பகுதியில் மரத்தை வேரோடு எடுப்பது அடுத்தது. கரையிலும் தனியார் தரிசிலும் கரி சுடும் குடும்பங்களுக்கு மாற்றுப் பயிர் கைக்கு வரும்வரை மரத்தை விட்டுவைப்பது அதற்கும் அடுத்தது. அகற்றிய நிலத்தில் குறைந்தது ஐந்து மழைக்காலம் தொடர்ந்து நாற்றுப் பிடுங்க ஆள் வேண்டும். அந்தக் கூலியை ஊரக வேலைத் திட்டத்திலிருந்தோ ஏலத்தொகையிலிருந்தோ கொடுக்கலாம். கண்மாய்க் கருவை ஏலத்தில் இன்று பேசப்படுவது எத்தனை டன், என்ன விலை என்பதுதான். எடுத்தவர் லாரியோடு போனபின், ஐப்பசி மழையில் அடிக்கட்டை துளிர்க்கும்போது கண்மாய்க்குள் இறங்க வேண்டியவர் யார் என்ற வரியும் அதே தாளில் எழுதப்பட வேண்டும்.